கங்காணி கண்ட இரண்டாவது ஆள்

கம்பெனியின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். மற்ற எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடி சொல்கிறேன். மாரியம்மன் கோயிலில் சூடத்தை அணைத்துச் சொல்லச் சொன்னாலும் இதையேதான் சொல்வேன்.

இன்னொன்று. பேய் என்றால் நடுராத்திரி, சுடுகாடு, நாய் ஊளை என்று எதிர்பார்த்து வாசிக்காதீர்கள். எனக்கு நடந்தது பகலில். கீழே கடையில் ஆட்கள் சீனியும் மாவும் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில். நான் கத்தியிருந்தால் பத்துப் பேர் ஓடி வந்திருப்பார்கள். ஆனால் கத்த முடியவில்லை...

என் பெயர் நாகலெட்சுமி. டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். கணவர் கொழும்பில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்கிறார். எங்களுக்கு நாலு வயதில் ஒரு மகள். போன வருஷம் எனக்கு ஒன்லைன் வேலை ஒன்று கிடைத்தது. வெளிநாட்டுக் கடைகளின் பில்கள் போட்டோவாக வரும். அதில் உள்ளதைப் பார்த்து டைப் செய்ய வேண்டும். லெப்டொப்பைக் கம்பெனியே தந்தது. புதிது இல்லை. யாரோ பாவித்தது. வேலைக்கு முதல் மூன்று மாதம் தவணைக் காலம். அதைத் தாண்டினால் வேலை நிரந்தரம்.

தோட்டத்தில் எங்கள் வீடு இருக்கும் லயத்தில் சிக்னல் எடுக்காது. மலை மறைக்கும். அதனால் டிக்கோயா டவுனில் செரீபா ராத்தாவின் பலசரக்குக் கடைக்கு மேலே ஒரு ரூமை வாடகைக்கு எடுத்தேன். மகளை அம்மாவிடம் விட்டேன். சனி, ஞாயிறு போய்ப் பார்ப்பேன். திங்கட்கிழமை காலையில் அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே இறங்கி வந்துவிடுவேன். முழித்திருந்தால் விடமாட்டாள்.

அந்த லெப்டொப்பில் ஒரு சொஃப்ட்வெயார் இருந்தது. கெமரா வழியாக நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். திரையின் மூலையில் நம் படம் சின்னதாகத் தெரியும். முகத்தைச் சுற்றி ஒரு பச்சைப் பெட்டி இருக்கும். நாம் எழுந்து போனால் பெட்டி மறைந்துவிடும். நேரம் வெட்டுப்படும். பாத்ரூம் போனாலும் வெட்டுத்தான். அதற்கு ஒரு இங்கிலீஷ் பெயர் உண்டு. தோட்டத்தில் பின்னால் நின்று வேலை வாங்குகிறவரை நினைத்து எங்கள் டீமில் எல்லோரும் வைத்த பெயர் கங்காணி.

வெட்டுக்குப் பயந்து நான் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். விடியற்காலையில் ஒரு பிளேன்டீ. அதோடு சரி. எட்டு மணிக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் ஆறு வரை எழுந்திருக்க மாட்டேன். எழும்பும்போது இரண்டு காலும் என்னுடையவை இல்லை போல இருக்கும். டீமில் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள்.

இன்னொரு சட்டமும் இருந்தது. ரூமில் நாம் தனியாக இருக்க வேண்டும். பில்கள் இரகசியமாம். கெமராவில் இரண்டாவது முகம் தெரிந்தால் அந்த முகத்தின் மேல் சிவப்புப் பெட்டி விழும். டிக்... டிக்... டிக்... என்று மூன்று தடவை சத்தம் வரும். டைப் செய்யும் பக்கம் பூட்டிக்கொள்ளும். "உங்களுடன் இன்னொருவர் இருக்கிறார். அவரை வெளியே போகச் சொல்லுங்கள்" என்று இங்கிலீஷில் எழுத்து வரும். உடனே எங்கள் டீம் லீடர் கஜேந்திரன் சேருக்குத் தகவல் போகும். திரும்பத் திரும்ப விழுந்தால் வேலை இல்லை.

நான் சேர்ந்த இரண்டாவது வாரம். ஆடி மாத மழை. பகல் பதினொரு மணிக்கே ரூமில் லைட் போட வேண்டியிருந்தது.

டிக்... டிக்... டிக்...

சிவப்பு விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது.

"லெட்சுமி, ரூம்ல யாரு?"

"யாரும் இல்ல சேர். நான் மட்டுந்தான்."

"சிஸ்டம் ரெண்டு பேருன்னு காட்டுதே."

எனக்குப் பின்னால் சுவரில் முருகன் கலண்டர் தொங்கியது. அதைச் சொன்னேன். சேர் சிரித்துவிட்டார். "சாமியையும் பிடிச்சிருச்சா? கழட்டி வைங்க."

கழட்டி வைத்தேன்.

அடுத்த நாள் மறுபடியும் விழுந்தது. ஆணியில் மாட்டியிருந்த மழைக்கோட்டாக இருக்கும் என்று அதையும் எடுத்தேன். அதற்கடுத்த நாளும் விழுந்தது. இப்போது பின்னால் வெறும் சுவர்தான். சுவரில் ஊறல் ஏதாவது முகம் மாதிரித் தெரிகிறதோ என்று ஒரு வெள்ளைப் பெட்ஷீட்டைக் கட்டி முழுச் சுவரையும் மறைத்தேன்.

பெட்ஷீட்டின் மேலும் பெட்டி விழுந்தது.

அன்றைக்குத்தான் அதைச் சரியாகக் கவனித்தேன். கலண்டர் இருந்த உயரத்தில் அது இல்லை. மழைக்கோட்டு இருந்த உயரத்திலும் இல்லை. அதைவிடக் கீழே, என் இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. ஒருவர் உட்கார்ந்திருந்தால் தலை எங்கே வருமோ... அங்கே.

வேறொன்றும் இருந்தது. நான் அசைந்தால் என் பெட்டியும் அசையும். இருமினால் குலுங்கும். அந்தப் பெட்டி அசையவே இல்லை. ஒரு நூல்கூட.

சாயங்காலம் தண்ணீர் எடுக்கக் கீழே இறங்கினேன். செரீபா ராத்தா கடைக்குள் அரிசி நிறுத்துக்கொண்டிருந்தார்.

"புள்ள, மேல யாராச்சும் வந்தீக்கிறாங்களா?"

"இல்லையே ராத்தா. ஏன்?"

"ரெண்டு கதிரை இழுபடுற சத்தம் கேக்குது. அதான் கேட்டன்."

ரூமில் இருந்தது நான் உட்காரும் ஒரே ஒரு கதிரை.

பழைய கட்டடம், பலகைத் தரை, சத்தம் எதிரொலிக்கும் என்று என்னையே சமாதானப்படுத்தினேன். அடுத்த நாள் மூன்று தடவை சிவப்பு விழுந்தது. பெட்டி முந்தின நாளைவிடப் பெரிதாக இருந்தது. கெமராவுக்குக் கிட்ட வர வர முகம் பெரிதாகத் தெரியும். அது உங்களுக்கே தெரியும்.

கஜேந்திரன் சேர் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"வைரஸா இருக்கும் லெட்சுமி. பென்டிரைவ் ஏதும் போட்டீங்களா?"

"இல்ல சேர்."

"டவுன்ல யார்கிட்டயாவது காட்டி க்ளீன் பண்ணுங்க. ஒபீஸுக்குக் கொண்டு வராதீங்க. மத்த மெஷினுக்குத் தொத்திரும். ஒரு தடவ பட்டது போதும்." பிறகு குரலைத் தணித்துச் சொன்னார். "இந்த வாரத்துக்குள்ள சரி வரலன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாதுங்க."

மதியம் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போன், கொம்பியூட்டர் திருத்தும் கடை ஒன்று இருக்கிறது. அஃப்ஹம் நானாவின் கடை. என் போனை இரண்டு தடவை அவர்தான் திருத்தித் தந்தார். நல்ல மனிதர். வாய் ஓயாமல் பேசுவார்.

ஒரு மணித்தியாலம் பார்த்தார்.

"வைரஸ் ஈந்திச்சு தங்கச்சி. பழசு. யாரோ அரைகுறையா அழிச்சு உட்டீக்கிறாங்க. இப்ப முழுசா எடுத்துட்டன். பயப்படத் தேவல்ல."

எனக்கு மூச்சு வந்தது. "கெமராவையும் ஒருக்காப் பாருங்க நானா."

கெமராவைப் போட்டார். கடைக்குள் அப்போது நாங்கள் மூன்று பேர். அவர், நான், போன் கவர் வாங்க வந்த ஒரு மாணவி. நாங்கள் மூவரும் படத்தில் தெரிந்தோம்.

பெட்டி நான்கு.

அவர் திரும்பிப் பார்த்தார். லெப்டொப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பி, ஓரமாக நின்று திரையை எட்டிப் பார்த்தார். சுவரில் வயர்கள்தான் தொங்கின. எங்கள் மூன்று பேருடைய பெட்டிகளும் மறைந்தன. ஒன்று மட்டும் இருந்தது.

அஃப்ஹம் நானா தன் கட்டை விரலால் கெமராவை மூடினார். படம் கறுப்பாகியது. முழுக் கறுப்பு.

அந்தக் கறுப்புக்குள்ளும் பெட்டி இருந்தது...

அவர் மூடியை மெதுவாகச் சாத்தினார். பையில் போட்டு என் கையில் தந்தார்.

"இத இங்க வெக்காதீங்க தங்கச்சி. கொண்டு போங்க."

"என்ன நானா இது?"

"எனக்குத் தெரியா. கொண்டு போங்க."

நீங்கள் கேட்கலாம், அன்றைக்கே அதைத் திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்று. என் மகளுக்கு அடுத்த வருஷம் நேர்சரி. அம்மாவுக்கு மூட்டு வலி, மலை ஏற முடியவில்லை. எனக்கு வேறு வேலை எங்கே இருந்தது? கெமரா பழுதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். நினைத்துக்கொண்டேன்.

மறுநாள்.

காலையில் இருந்து ஒரு சிவப்புகூட விழவில்லை. பத்து மணி ஆனது. பன்னிரண்டு ஆனது. இல்லை. இரண்டு ஆனது. இல்லை. வைரஸ்தான் போல, நானா எடுத்துவிட்டார் என்று எனக்குச் சந்தோஷம். விரல் வேகமாக ஓடியது. வெளியே மிஸ்ட் இறங்கி ஜன்னலை மூடிவிட்டது. எதிரே இருக்கும் தேயிலை மலை தெரியவில்லை. கீழே கடையில் ராத்தா யாரோடோ சிங்களத்தில் பேசிச் சிரிப்பது கேட்டது.

மூன்றே முக்கால் இருக்கும். தற்செயலாகத் திரையின் மூலையைப் பார்த்தேன்.

ஒரே ஒரு பெட்டி. பச்சை.

நல்லது என்று கண்ணை எடுத்தேன். பிறகு... மறுபடியும் பார்த்தேன்.

பெட்டி என் முகத்தில் இல்லை.

என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. என் கன்னமும் அந்தப் பெட்டியின் ஓரமும் ஒட்டியிருந்தன.

நான் இடது பக்கம் சாய்ந்தேன். அது அசையவில்லை. வலது பக்கம் சாய்ந்தேன். அசையவில்லை. கெமராவுக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனேன். கையை ஆட்டினேன்.

எனக்குப் பெட்டி விழவில்லை.

கங்காணிக்கு என்னைத் தெரியவில்லை. ரூமில் ஒருவர்தான் இருக்கிறார் என்று அது சொன்னது. அந்த ஒருவர் நான் இல்லை.

கரண்ட் போனது.

லைட் அணைந்தது. திரை வெளிச்சம் மட்டும். கீழே கடையில் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. யாரோ மெழுகுதிரி கேட்டார்கள். ராத்தா மேசை லாச்சியை இழுத்துத் திறந்தார். எல்லாம் கேட்டது. எனக்குத்தான் வாய் திறக்கவில்லை.

என் வலது கால் மரத்துப் போயிருந்தது. மேசையைப் பிடித்து எழுந்தேன். காலை இழுத்து இழுத்துக் கதவுப் பக்கம் போனேன். கொண்டியில் கை வைத்தேன்.

அங்கிருந்து திரை தெரிந்தது.

படத்தில் என் கதிரை. வெறும் கதிரை. பின்னால் பெட்ஷீட்.

கதிரைக்கு மேலே பெட்டி.

பச்சை.

அத்தனை நாளும் ஒரு நூல்கூட அசையாத பெட்டி அது. இப்போது... அசைந்தது.

மெதுவாகப் பெரிதானது. இன்னும் பெரிதானது. திரைக்குக் கிட்ட வந்தது. பில்லில் எழுத்து சின்னதாக இருந்தால் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் குனிந்து பார்ப்போம்.

டக்.

கீபோர்டில் ஒரு சத்தம்.

டக்...

டக்...

கொண்டி திறந்தது. படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. செருப்பு இல்லை. கடைக்குள் விழுந்தேன். ராத்தா என்னைத் தூக்கி மூட்டையின் மேல் உட்காரவைத்தார். என் கையைத் தொட்டுவிட்டு, "அல்லாஹ்வே, ஐஸ் மாதிரி ஈக்குதே புள்ள" என்றார். அப்போது கடைக் கடிகாரத்தில் சரியாக நாலு மணி.

மேலே போகவில்லை. அந்தக் கோலத்திலேயே பஸ் ஏறி அம்மாவிடம் போனேன். மகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு படுத்தேன். தூங்கவில்லை.

காலையில் தண்ணீர் பிடிக்கும் பிடாங்குக்குப் பக்கத்தில், தோட்டத்தில் சிக்னல் எடுக்கும் ஒரே இடத்தில் போன் அடித்தது. கஜேந்திரன் சேர்.

"லெட்சுமி, நேத்து நாலு மணிக்குப் பிறகு உங்க இடத்துல யாரு இருந்தா?"

"யாரும் இல்ல சேர்."

"லெப்டொப்ப எடுத்துக்கிட்டு ஒபீஸுக்கு வாங்க. இப்பவே."

ராத்தாவையும் கூட்டிக்கொண்டு மேலே ஏறினேன். பட்டரி தீர்ந்து திரை கறுப்பாக இருந்தது. ராத்தாதான் ஏதோ ஓதிக்கொண்டே அதை மூடிப் பையில் போட்டார்.

கங்காணி பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை படம் எடுத்து ஒபீஸுக்கு அனுப்பும். அந்தப் படங்களைச் சேர் தன் திரையில் எனக்குக் காட்டினார். நாலு மணியில் இருந்து. எல்லாம் ஒரே படம். வெறும் கதிரை. பின்னால் பெட்ஷீட். ஒவ்வொரு படத்திலும் ரூம் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டிக்கொண்டே போனது. ஒவ்வொன்றிலும் பச்சைப் பெட்டி. பெட்டிக்குக் கீழே வேலை செய்பவரின் பெயர் விழும். வழக்கமாக என் பெயர்தான் இருக்கும்.

அதில் பூரணி என்று இருந்தது.

"இந்தப் பேர நான் அழிச்சேன்" என்றார் சேர். என்னிடம் சொல்லவில்லை. திரையிடம் சொன்னார். "நானேதான் அழிச்சேன்."

"யாரு சேர் பூரணி?"

அவர் அந்தப் படங்களை மூடினார். அந்த மழைக் குளிரிலும் நெற்றியில் வேர்வை.

பிறகு சொன்னார். எனக்கு முன்னால் அந்த லெப்டொப்பில் வேலை செய்தவள் பூரணி. பொல்பிட்டியப் பக்கம். என் வயதுதான். கினிகத்தேனையில் தனியாக ரூம் எடுத்திருந்தாள். என்னைப் போலவே. வைகாசி மாதத்தில் ஒபீஸ் மெஷின் ஒன்றுக்கு வைரஸ் வந்திருக்கிறது. யாரோ ஒருவரின் பென்டிரைவில் இருந்து. அங்கிருந்து எல்லா மெஷினுக்கும் பரவி, எல்லோரும் டைப் செய்து வைத்ததை எல்லாம் அழித்துவிட்டது. வெளிநாட்டுக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. இரண்டு நாள், இரண்டு ராத்திரி, யாரும் எழும்பாமல் திரும்ப டைப் செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.

"வலது கால் வீங்கியிருக்குன்னு மெசேஜ் போட்டா" என்றார். "இத முடிச்சிட்டு மருந்து எடுங்கன்னு சொன்னேன். அவ்வளவுதான் லெட்சுமி. வேற ஒண்ணும் சொல்லல."

காலில் இரத்தம் கட்டி, அந்தக் கட்டி நெஞ்சுக்குப் போய் அடைத்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். லெப்டொப்பை எடுத்து வந்து, பெயரை அழித்து, எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் பையை அவர் மேசை மேல் வைத்தேன். வெளியே வந்தேன். சம்பளத்துக்குக்கூட மறுபடி போகவில்லை. இப்போது ஹட்டனில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறேன். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. சாயங்காலம் மகளிடம் போய்விடுவேன்.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தப் பெயர் மனதை விட்டுப் போகவில்லை. கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விசாரித்துக்கொண்டு பொல்பிட்டியவுக்குப் போனேன். பூரணியின் அக்கா பிரேமினி வீட்டில் இருந்தார். தங்கச்சியோடு வேலை செய்தவள் என்று நினைத்து உள்ளே கூப்பிட்டார். நான் திருத்தவில்லை. எனக்கு நடந்ததையும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

அவராகவே சொன்னார்.

"போன் எடுக்கல. சாயங்காலம் ஆறு மணிக்கு நானே போய்க் கதவ ஒடச்சேன். கதிரையில உக்காந்திருந்தா. தல சொவத்துல சாஞ்சிருந்துச்சு. கண்ணு தொறந்து, நேரா அந்தத் திரையப் பாத்துக்கிட்டு... காலையில எட்டு மணிக்கு முன்னாடியே உசிரு போயிருச்சுன்னு டொக்டர் சொன்னாரு."

"பத்து மணித்தியாலம் ஒருத்தருக்கும் தெரியலயா அக்கா?"

பிரேமினி அக்கா என்னைப் பார்த்தார். அழவில்லை. அழுது முடித்த முகம்.

"அவ போன் டிங் டிங்குன்னு அடிச்சிக்கிட்டே கெடந்துச்சு. எடுத்துப் பாத்தேன். ஒங்க டீம் குரூப். மத்தியானம் பன்னெண்டு மணிக்கு ஒங்க சேர் போட்டிருந்தாரு. 'காலையில இருந்து ஒரு தடவகூட சீட்ட விட்டு எந்திரிக்காத ஒரே ஆள் பூரணிதான். எல்லாரும் அவங்களப் பாத்துப் பழகுங்க'ன்னு."

அவர் என் தேத்தண்ணீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அதுக்குக் கீழ எல்லாரும் கை தட்டியிருந்தீங்க."